போர்க்கப்பல் ரேடாரில் மழை பார்த்த கதை: ஃபேஸ்டு அரே ரேடார் வானிலைக்கு வருமா?

காற்றுக்கணக்கு:

டொர்னேடோ எச்சரிக்கை பற்றிய இழையில் ஒருவர், "அமெரிக்கக் கடற்படையின் ரேடாரை வைத்து மழைமேகம் பார்த்தார்களே, அது என்ன ஆயிற்று" என்று கேட்டிருந்தார். பதில் நீளும், அதனால் தனி இழை.

இடம் ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரம். அங்கே இருக்கும் கடும்புயல் ஆய்வகம் (என்.எஸ்.எஸ்.எல்.) கடற்படையிடமிருந்து ஒரு எஸ்பிஒய்-1ஏ ஆன்டெனாவைக் கடனாக வாங்கி நிறுத்தியது. ஏஜிஸ் வகைப் போர்க்கப்பல்களில் ஏவுகணையைத் தேட வைத்திருக்கும் அதே தட்டையான முகப்புதான், அதில் அலையை அனுப்பி வாங்கும் 4,352 சிறு உறுப்புகள். இந்த வகைக்குத்தான் ஃபேஸ்டு அரே என்று பெயர். 2004 வாக்கில் புயல்களைப் பார்க்கத் தொடங்கி 2016 வரை ஓடியது.

எதற்காக இந்தப் பாடு? அங்கே நாடு முழுக்க நெக்ஸ்ராட் என்ற பெயரில் ஏறத்தாழ 160 டாப்ளர் ரேடார்கள் (மழையோடு காற்றின் வேகத்தையும் அளப்பவை) இருக்கின்றன. 8.5 மீட்டர் டிஷ் தரையை ஒட்டிய கோணத்தில் ஒரு சுற்று சுற்றும், பிறகு கொஞ்சம் நிமிரும், மறுபடி சுற்றும். புயல் நேரத்தில் 14 கோணங்களை முடிக்க நாலரை நிமிடம் ஆகும். இடையில் தரையை ஒட்டிய சுற்றை மட்டும் கூடுதலாகச் செருகும் வசதி 2014இல் வந்தது, அது பெரிய உதவிதான், ஆனாலும் புயலின் நடுப்பகுதியும் தலையும் என்ன செய்கின்றன என்று பார்க்க முழுச் சுற்று முடியும்வரை காத்திருக்க வேண்டும். டொர்னேடோவின் சுழற்சி இறுகுவது, ஆலங்கட்டித் திரள் மேலிருந்து சரிந்து தரையில் மோதிப் பரவுவது எல்லாம் அந்த நாலரை நிமிடத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடக் கூடியவை.

ஃபேஸ்டு அரேயில் எதுவும் அசைய வேண்டாம். அலைநீளம் 10 செ.மீ., உறுப்புகளுக்கு இடையே 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து உறுப்புகளுக்குப் போகும் அலையை 90 பாகை கட்டம் (அதாவது கால் அலை) தள்ளி அனுப்பினால் பீம், அதாவது வெளியே போகும் அலைக்கற்றை, 30 பாகை சாய்ந்துவிடும். அந்தத் தள்ளலை மாற்ற மைக்ரோ வினாடிகள் போதும். ஒரு அலைத் துடிப்பை வடக்கே அனுப்பி, அடுத்ததைக் கிழக்கே அனுப்பலாம்.

2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் அடித்த புயலை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 4.2 கி.மீ. வரை போனது, பதிவானவற்றிலேயே அகலமான டொர்னேடோ. அது வேகமாக விரிந்து, திசை மாறி, வேகமும் கூடியது. 8 பேர் இறந்தார்கள், அவர்களில் டிம் சமாராஸ் உட்பட மூன்று பேர் டொர்னேடோவை அளக்கப் போனவர்கள். நார்மன் ஃபேஸ்டு அரே அந்தப் புயலை ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை முழு உயரத்துக்கும் பார்த்துக்கொண்டிருந்தது. நெக்ஸ்ராடில் இரண்டு படங்களுக்கு நடுவே தாவலாகத் தெரிவது இதில் தொடர்ச்சியாகத் தெரிகிறது: சுழற்சி எந்த உயரத்தில் முதலில் இறுகியது, எப்போது அகன்றது, எந்தப் பக்கம் திரும்பியது என்று.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பேரைஸ் என்ற பெயரில் 2010 முதல் நடத்திய சோதனைகள். வானிலை அலுவலகங்களில் உண்மையில் எச்சரிக்கை விடும் ஆட்களையே வரவழைத்து, பழைய புயல்களை நேரலை போல ஓட்டிக் காட்டி முடிவெடுக்கச் சொன்னார்கள். ஆலங்கட்டி, பலத்த காற்று ஆகியவற்றுக்கான 2013 சோதனையில் வேகமான தரவு கிடைத்தவர்களின் எச்சரிக்கை 21 நிமிடத்தை ஒட்டி முன்கூட்டி வந்தது, வழக்கமான இடைவெளியில் பார்த்தவர்களுக்கு 17ஐ ஒட்டி. இரண்டு குழுவுக்கும் அதே புயல்கள், தரவு வரும் வேகம்தான் வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ரேடாரின் மதிப்பு வேகத்தில் மட்டும் இல்லை, எங்கே பார்ப்பது என்று நொடிக்கு நொடி முடிவெடுக்க முடிவதில் இருக்கிறது. செலவைக் குறைக்கிறேன் என்று அந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தால் பாதிப் பயன் போய்விடும்.

சிக்னல்காரன்:

நல்ல தொடக்கம். ஆனால் முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டீர்கள். நார்மன் ரேடாரின் அந்த ஒரு நிமிடம் 90 பாகைக்கு மட்டும். நெக்ஸ்ராடின் நாலரை நிமிடம் 360 பாகைக்கு. நாலால் பெருக்கிப் பாருங்கள், வித்தியாசம் பெரிதாக நிற்காது! ஒரு நிமிடத்தில் முழு வட்டமும் வேண்டும் என்றால் நாலு முகப்பு வேண்டும்.

அடுத்து பீம் அகலம். அந்தக் கடற்படை ஆன்டெனா நேராகப் பார்க்கும்போதே 1.5 பாகை, 45 பாகை சாய்த்தால் 2.1. நெக்ஸ்ராட் 1 பாகைக்கும் கொஞ்சம் குறைவு. 100 கி.மீ. தொலைவில் ஒன்று 1.7 கி.மீ. அகலத்தைப் பார்க்கிறது, இன்னொன்று 2.6 கி.மீ.யை, சாய்த்தால் இன்னும் மோசம். சிறிய சுழற்சி அதற்குள் கரைந்துபோகும்.

சரி, நெக்ஸ்ராட் அளவு கூர்மை வேண்டும், அதனால் முகப்பை 8 மீட்டருக்குப் பெரிதாக்குவோம். 5 செ.மீ.க்கு ஒன்று என்றால் ஒரு பக்கத்துக்கு 160 உறுப்பு, ஒரு முகப்புக்கு 25,600, நாலு முகப்புக்கு ஒரு லட்சத்துக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அனுப்பும் சுற்று, வாங்கும் சுற்று, மின்சாரம், குளிரூட்டல். அதை 160 இடத்தில் கட்ட வேண்டும். கடற்படைக்கு ஒரு கப்பலைக் காப்பாற்ற அந்தச் செலவு நியாயம். வானிலைத் துறைக்கு?

மழைமணி:

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். டிஷ்ஷையே வேகமாகச் சுற்றினால் ஆகாதா? எதற்கு ஆயிரக்கணக்கில் உறுப்பு?

காற்றுக்கணக்கு:

மழைமணி, நல்ல கேள்வி. இரண்டு தடை இருக்கிறது. ஒன்று, 8.5 மீட்டர் டிஷ்ஷின் எடை. வேகத்தைக் கூட்டக் கூட்ட தாங்கிகளும் பற்சக்கரங்களும் தேயும், இப்போதே அவை தொண்ணூறுகளிலிருந்து இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது தடைதான் பெரியது. மழைத்துளிகள் மேகத்துக்குள் அலைந்துகொண்டே இருப்பதால் திரும்பி வரும் சிக்னல் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கும். ஒரு திசையில் பத்து ஐம்பது துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் எண்ணை நம்ப முடியும். துடிப்புக்கு ஒரு மில்லி வினாடி, பாகைக்கு 50 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கே 18 வினாடி. அதைவிட வேகமாகச் சுற்றினால் சராசரி எடுக்கும் நேரத்துக்குள் பீம் நகர்ந்து படம் இழுபட்டுவிடும். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ராக்ஸ்போல் என்ற வண்டி ரேடார் நொடிக்கு 180 பாகை சுற்றும், ஆனால் அது சிறிய டிஷ், துடிப்புக்குத் துடிப்பு அலைவரிசையை மாற்றி இந்தத் தடையைத் தாண்டுகிறது. நாட்டு வலையமைப்பில் இருக்கும் பெரிய ரேடாருக்கு அது எளிதில் ஆகாது.

ஃபேஸ்டு அரே இங்கே வேறு வழியில் போகிறது. ஒரு திசையில் இரண்டு துடிப்பு அனுப்பு, உடனே வேறு திசைக்குப் போ, அங்கே இரண்டு அனுப்பு, சுற்றிவிட்டுத் திரும்பி வா. வருவதற்குள் துளிகள் இடம் மாறியிருக்கும், புது மாதிரி கிடைத்துவிடும். அதே நேரத்துக்குள் தரம் கூடுகிறது.

சிக்னல்காரன் சொன்ன 90 பாகைக் கணக்குக்கும் இதில் பதில் இருக்கிறது. நார்மன் குழு அடாப்ட்ஸ் என்று ஒரு முறை எழுதியது. போன சுற்றில் எதிரொலி இல்லாத திசைகளை அணைத்துவிட்டு, புயல் இருக்கும் இடத்துக்கே நேரத்தைச் செலவிடும், அணைத்த திசைகளையும் அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்ளும். வானத்தின் பெரும்பகுதி பெரும்பாலான நேரம் வெறுமையாகத்தான் இருக்கிறது. டிஷ் அந்த வெறுமையையும் ஒழுங்காகச் சுற்றிப் பார்த்தாக வேண்டும்.

டெசிபெல்தேவி:

ஆன்டெனா அளவீட்டில் வேலை செய்கிறேன் (வானிலை ரேடார் இல்லை, ஆனால் இதே சிக்கல்). இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத விஷயம் இருமுனைவாக்கம். என் கணிப்பில் இந்தத் திட்டத்தின் தலைவிதி செலவில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

நெக்ஸ்ராட் ரேடார்கள் எல்லாம் 2011 முதல் 2013க்குள் இருமுனைவாக்கத்துக்கு மாறின. கிடைமட்ட அலை, செங்குத்து அலை இரண்டையும் அனுப்பி, திரும்பி வருவதை ஒப்பிடும். பெரிய மழைத்துளி விழும்போது காற்று கீழிருந்து தள்ளுவதால் தட்டையாகும், கிடைமட்ட எதிரொலி கூடும். சின்னத் துளி உருண்டை, வித்தியாசம் பூஜ்யம். ஆலங்கட்டி உருண்டு புரண்டு விழுவதால் அதுவும் பூஜ்யத்தை ஒட்டி. டொர்னேடோ வீட்டுக்கூரையையும் மரக்கிளையையும் தூக்கினால் இரண்டு எதிரொலிகளுக்கும் இடையே இருக்கும் ஒற்றுமையே குலைந்துபோகும், இருட்டிலும் "டொர்னேடோ தரையில் இருக்கிறது" என்று உறுதியாகச் சொல்லலாம். இதையெல்லாம் ஒரு முறை கையில் வாங்கியபின் முன்னறிவிப்பாளர் யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார். கடற்படை ஆன்டெனா ஒருமுனை மட்டும், அதனால் அது எவ்வளவு வேகமாக இருந்தாலும் நெக்ஸ்ராடுக்கு மாற்றாக முடியாது.

இந்த ஒப்பீட்டுக்கு வேண்டிய துல்லியம் 0.1 டெசிபெல். அதாவது இரண்டு அலைகளின் திறன் விகிதத்தில் 2 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினாலே மழை அளவு பிசகத் தொடங்கும். டிஷ்ஷில் இதைப் பிடிப்பது சமாளிக்கக்கூடிய வேலை. எந்தத் திசையில் திரும்பினாலும் அதே டிஷ், அதே பீம், அதனால் பிழையும் ஒன்றே ஒன்றுதான். நேராக மேலே திருப்ப முடிகிற டிஷ் என்றால் தூறல் நேரத்தில் அப்படி வைத்துச் சுற்றுவார்கள். அடியிலிருந்து பார்த்தால் தட்டைத் துளியும் வட்டமாகத்தான் தெரியும், பூஜ்யம் வர வேண்டும், வராத அளவு எவ்வளவோ அதுதான் பிழை.

தட்டையான முகப்பில் பீமைச் சாய்க்கச் சாய்க்க கிடைமட்ட அலையின் பலமும் செங்குத்து அலையின் பலமும் வேறு வேறு விதமாக மாறும். பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் ஒருசேரச் சாய்த்தால் இன்னும் கெடுதல், இரண்டு அலைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதே போய் ஒன்று மற்றதில் கலக்கும். ஆக ஒவ்வொரு திசைக்கும் ஒரு திருத்த எண் வேண்டும். ஆயிரக்கணக்கான திசை, பல அலைவரிசை, வெயிலில் சுடும் முகப்பு, குளிர்காலத்தில் உறையும் முகப்பு. மேலே திருப்பித் தூறல் பார்க்கும் வித்தையும் இங்கே செல்லாது, ஒரு திசையில் கிடைத்த பிழை இன்னொரு திசைக்குப் பொருந்தாது.

2018இல் நார்மனில் நிறுவிய ஏடிடி என்ற மாதிரி ரேடார் இதற்காகவே வந்தது. 76 பலகை, 4,864 உறுப்பு, இருமுனை. கருவியைக் கட்டி முடிப்பதைவிட அதன் திருத்தக் கணக்கைப் பிடிப்பதே பெரிய வேலையாக இருந்திருக்கிறது, இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது. உருளை வடிவில் ஆன்டெனா கட்டி எந்தப் பக்கமும் நேராகவே பார்க்கலாம் என்ற யோசனையையும் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

சிக்னல்காரன்:

தேவி மேடம் சொன்னதையே பிடித்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒரே முகப்பை எடுத்து மோட்டாரில் சுற்றுங்கள். பக்கவாட்டில் மோட்டார் பார்த்துக்கொள்ளும், மேலும் கீழும் மட்டும் மின்னணுவில் சாய்க்கலாம். ஒருசேரச் சாய்ப்பதே இல்லை என்பதால் அலைகள் கலக்கும் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. உறுப்புச் செலவும் நாலில் ஒரு பங்கு. ஒரு துடிப்பை விசிறி போல அகலமாக அனுப்பி, வாங்கும்போது பல கூரிய பீம்களாகப் பிரித்துக்கொண்டால் ஒரே சுற்றில் பல கோணங்கள் கிடைக்கும்.

காற்றுக்கணக்கு:

அதைத்தான் முதல் பதிவில் "சுதந்திரத்தை விட்டுக்கொடுப்பது" என்றேன். மோட்டார் முகப்பை மேற்கே திருப்பியிருக்கும்போது கிழக்கே சுழற்சி இறுகினால் அது சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். விசிறியாக அனுப்பினால் சக்தி பரவி, மெல்லிய எதிரொலிகள் தெரியாமல் போகும். புயல் கிளம்பும் முன் காற்று குவியும் மெல்லிய கோடுகள் அப்படிப்பட்டவைதான், அவற்றைப் பார்ப்பதில்தான் முன்னறிவிப்பே தொடங்குகிறது. சுற்றும் முகப்பு நெக்ஸ்ராடைவிட நல்லதாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இன்னும் பல பத்தாண்டுகளுக்கு நிற்கப் போகிற கருவி அது.

நார்மன்வாசி:

இங்கே குடியிருப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மே மாதத்தில் சைரன் ஊதினால் என்ன செய்வது என்று எங்கள் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கார் கொட்டகையின் தரைக்கடியில் பதித்த இரும்பு அறை எங்களுக்கு இருக்கிறது, இறங்கி மூடிக்கொள்ள ஐந்து நிமிடம் தாராளம். எங்களைப் போன்றவர்களுக்கு 17 நிமிடமோ 21 நிமிடமோ பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் யாருக்கு என்றால் நகரும் வீடுகளில் இருப்பவர்களுக்கு. அந்த வீடு டொர்னேடோவில் நிற்காது, பொது அடைக்கலத்துக்கு வண்டியில் போயாக வேண்டும். மருத்துவமனையில் நோயாளிகளை ஜன்னல் இல்லாத நடைக்கு நகர்த்துவது, முதியோர் இல்லம், பள்ளிக்கூடம், இவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. 2013 மே 20 அன்று மூர் நகரத்துக்கு எச்சரிக்கை வந்து 16 நிமிடம் கழித்துத்தான் டொர்னேடோ தரை தொட்டது, மோசம் என்று சொல்ல முடியாத எச்சரிக்கை. ஆனாலும் 24 பேர் இறந்தார்கள், ஒரு தொடக்கப்பள்ளியில் மட்டும் 7 குழந்தைகள். அந்தக் கட்டடத்தில் பாதுகாப்பு அறை இல்லை. ரேடாருக்குச் செலவிடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதே மூச்சில் பள்ளிகளுக்கு அடைக்கலமும் கட்ட வேண்டும் என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

ஒசாகா மாணவி:

எல்லாரும் ஓக்லஹோமாவையே சுற்றுகிறீர்கள். சிக்னல்காரன் சொல்லும் சுற்றும் முகப்பு ஜப்பானில் 2012இலேயே வந்துவிட்டது. தோஷிபா, ஒசாகா பல்கலைக்கழகம், என்.ஐ.சி.டி. ஆய்வு நிறுவனம் சேர்ந்து சுயிட்டா வளாகத்தில் நிறுவினார்கள். பக்கவாட்டில் மோட்டார், மேல்நோக்கி மின்னணு. 60 கி.மீ. தொலைவு வரை நூறு கோணங்களை 30 வினாடியில் முடிக்கும். எக்ஸ் பேண்ட், 3 செ.மீ. அலை, அதனால் ஆன்டெனாவே சின்னது.

இங்கே கவலை டொர்னேடோ இல்லை, திடீர்ப் பெருமழை. 2008 ஜூலை 28 அன்று கோபே நகரில் தோகா ஆறு பத்தே நிமிடத்தில் 1.3 மீட்டர் உயர்ந்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் குட்டை ஆறு அது, கரையோரம் பூங்கா மாதிரி படியும் நடைபாதையும் கட்டியிருப்பார்கள், கோடை விடுமுறையில் பிள்ளைகள் தண்ணீரில் விளையாடுவது வழக்கம். மேலே மலையில் கொட்டிய மழை அப்படியே இறங்கியது. குழந்தைகள் உட்பட 5 பேர் போய்விட்டார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிகிற இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் கையில் கிடைப்பது இரண்டே படம். மழை மேகத்துக்குள் முதலில் உயரத்தில்தான் திரள்கிறது, தரைக்கு வர சில நிமிடம் எடுக்கும். அந்தச் சில நிமிடத்தைப் பிடிக்கத்தான் 30 வினாடி.

2018இல் சைதாமாவில் இருமுனை வகையும் ஓடத் தொடங்கியது. 2021 ஒலிம்பிக் நேரத்தில் அதன் தரவை ரிகென் நிறுவனத்தின் ஃபுகாகு சூப்பர் கணினிக்கு நேரடியாக அனுப்பி, 30 வினாடிக்கு ஒருமுறை புதுப்பித்த தரவோடு அடுத்த 30 நிமிட மழையை 500 மீட்டர் கட்டங்களில் கணித்தார்கள். தகேமாசா மியோஷியின் குழு அது. ரேடார் வேகமாகப் பார்த்தால் மட்டும் போதாது, கணிப்பும் அதே வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அங்கே செய்தே காட்டினார்கள்.

சிக்னல்காரன்:

அருமை. ஆனால் 3 செ.மீ. அலை கனமழைக்குள்ளே போனால் தேய்ந்துவிடும், மழைக்குப் பின்னால் இருப்பது தெரியாது. நகரத்துக்கு ஏற்றது, ஓக்லஹோமா சமவெளிக்குப் போதாது.

மழைமணி:

நம்மூருக்கு இது வருமா? 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் மத்தியானத்திலிருந்து இரவு வரை அடித்த மழையை மறக்கவே முடியாது. ஊரே சாலையில் நின்றது.

காற்றுக்கணக்கு:

அந்த மழையை முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போனதற்கு ரேடார் வேகம் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். கணினி மாதிரிகள் அதை முன்கூட்டிக் காட்டவில்லை என்று வானிலைத் துறையே அப்போது சொன்னது. மேகம் வந்தபின் ரேடாரில் தெரிவதும், காலையிலேயே தெரிவதும் வேறு வேறு. கணிப்புக்குள் ரேடார் தரவை உடனுக்குடன் ஊட்டும் வேலைதான் அங்கே பலன் தரும், அதை இப்போதிருக்கும் டிஷ் ரேடார்களை வைத்தே தொடங்கலாம்.

ஆனால் ஃபேஸ்டு அரே நமக்குப் புதிதல்ல. திருப்பதிக்குப் பக்கத்தில் காதங்கியில் 1,024 யாகி ஆன்டெனாக்கள் (பழைய டிவி ஆன்டெனா போன்றவை) வயல் மாதிரி நட்டு நிற்கின்றன, 53 மெகாஹெர்ட்ஸ், தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து ஓடுகிறது. அது தலைக்கு மேலே இருக்கும் காற்றை அளக்கும், சுற்றிலும் மழையைத் தேடாது. கொச்சி பல்கலைக்கழகத்திலும் 205 மெகாஹெர்ட்ஸில் ஒன்று உண்டு. கட்டத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

டெசிபெல்தேவி:

கடைசியாக ஒன்று. காற்றுக்கணக்கும் சிக்னல்காரனும் மோதுகிற இடத்தை மாற்றக்கூடியது ஹோரஸ் என்று நினைக்கிறேன். ஓக்லஹோமா பல்கலைக்கழகம் என்.எஸ்.எஸ்.எல். ஆதரவோடு கட்டிய வண்டி ரேடார் அது, 10 செ.மீ. அலை, இருமுனை. ஒவ்வொரு உறுப்பிலும் சிக்னல் நேராக எண்ணாக மாறிவிடும். பீமைக் கம்பிகளில் கட்டாமல் கணக்கில் கட்டுவதால் விசிறியாக அனுப்புவதா கூராக அனுப்புவதா என்பதை நேரத்துக்கேற்ப மென்பொருளில் மாற்றலாம், நாலைந்து உறுப்பு செத்தாலும் திருத்தக் கணக்கை மாற்றி ஓட்டலாம். சின்ன ஆன்டெனா, அதனால் பீம் அகலம், அது தெரிந்ததுதான்.

1973இல் யூனியன் சிட்டி டொர்னேடோவின் சுழற்சியை நார்மன் டாப்ளர் ரேடார் முதலில் பிடித்ததிலிருந்து நெக்ஸ்ராட் நாடு முழுக்க நிற்க இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. இப்போதிருப்பவற்றைப் பழுதுபார்த்து 2035ஐத் தாண்டி ஓட்டலாம் என்பது அமெரிக்க வானிலைத் துறையின் கணக்கு. அதற்குள் 0.1 டெசிபெல்லை எல்லாத் திசையிலும், வெயிலிலும் பனியிலும், ஆள் தொடாமல் மாதக்கணக்கில் பிடித்துக் காட்ட வேண்டும். ஏடிடி, ஹோரஸ் இரண்டிலும் நான் தேடிப் படிப்பது அந்த அளவீடுகளைத்தான். யாரிடமாவது புதிய முடிவுகள் இருந்தால் இங்கே போடுங்கள், எண்களை வைத்தே மேலே பேசலாம்.